சமையல் போட்டி பார்த்து அன்றாட ஆங்கிலம் கற்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: தமிழ் வழியில் படித்தவர் நீங்கள், ஆங்கிலத்தை நிதானமாக வாசித்தால் ஓரளவு பொருள் பிடிபடுகிறது, யாராவது பேசினால் மட்டும் ஒன்றும் காதில் நிற்பதில்லை, அடுத்த ஆண்டு மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் மெல்பர்னில் தங்கப் போகிறீர்கள், சமையல் போட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்கிறார் மருமகன். அது உண்மையா, உண்மையென்றால் எந்த நிகழ்ச்சியை எப்படிப் பார்ப்பது?

மருமகன் சொன்னதில் பெரும்பகுதி சரி, ‘தானாக’ என்ற ஒரு சொல்லைத் தவிர. வேலையை முடித்துவிட்டு மாலையில் வருகிற பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் இல்லத்தரசிகளும் உண்டு, வெளிநாடு போகக் காத்திருக்கும் செவிலியர்களும் உண்டு. சமையல் போட்டியைப் பாடமாக வைத்த நாட்களில் வகுப்பில் வாய் திறக்காதவர்கள்கூடப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். அதே நிகழ்ச்சியை மூன்று மாதம் பார்த்தும் ‘டிலிஷியஸ்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எதைக் கேட்டார்கள், கேட்டதை என்ன செய்தார்கள் என்பதில்தான் அந்த வேறுபாடு இருந்தது.

இந்த வகை நிகழ்ச்சி ஏன் உதவுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் செய்தி கேட்கும்போது நடக்கும் விஷயமும் புதிது, அதைச் சொல்லும் சொல்லும் புதிது. அடுப்படியில் அப்படியில்லை. வெங்காயம் பொன்னிறமாவது, பால் பொங்குவது, மாவு கட்டிதட்டுவது எல்லாம் நாற்பது ஆண்டுகளாக உங்கள் கைக்குத் தெரிந்தவை. புதிதாக வருவது பெயர் மட்டும். அந்தப் பெயர் சொல்லப்படும்போதே திரையில் ஒரு கை அந்தச் செயலைச் செய்துகொண்டிருக்கிறது. மேலும், போட்டியாளர் என்ன செய்யப் போகிறார் என்பதை நடுவரிடம் சொல்கிறார், பிறகு செய்கிறார், இடையிடையே தனியாகக் கேமராவைப் பார்த்து அதையே மறுபடி சொல்கிறார். ஆக ஒரே செய்தி மூன்று தடவை, சற்றே மாறிய சொற்களில், உங்கள் காதுக்கு வருகிறது. மொழி கற்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தொலைக்காட்சியில் அரிது.

ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 88 ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். மிகுதியாகப் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆட்பெயர், ஊர்ப்பெயர்களும் தெரிந்தால், பேசப்படுவதில் ஏறத்தாழ 95 விழுக்காடு தெரிந்த சொல்லாக இருக்கும் என்று கண்டார்கள். 3,000 என்பது பெரிய எண்தான். ஆனால் ஒரே வகை நிகழ்ச்சியையே தொடர்ந்து பார்க்கும்போது அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் சுமை குறைகிறது. இன்று சமையல், நாளை துப்பறியும் தொடர், மறுநாள் விவாதம் என்று மாற்றிக்கொண்டிராமல், மூன்று மாதமாவது ஒரே நிகழ்ச்சியில் நில்லுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பெயர்ச்சொற்களை எழுதுவது. பார்ஸ்னிப், ஃபெனல், ரூபார்ப், கான்ஃபி, வெலூட்டே என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்த நோட்டுகளை நான் திருத்தியிருக்கிறேன். அந்தச் சொற்களில் பாதி பிரெஞ்சு சமையற்கூடத்திலிருந்து வந்தவை. ஆங்கிலம் பேசுபவர்களிலேயே பலர் அவற்றை வீட்டில் சொல்வதில்லை. உங்களுக்குத் தேவையானவை வினைச்சொற்கள். அவற்றையும்விட, நடுவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசும் அரை நிமிடப் பேச்சு.

வினைச்சொல்லைக் கண்ணால் கற்பது எப்படி என்பதற்கு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேக் செய்யும் காட்சியில் ‘ஃபோல்ட் இன் தி எக் வைட்ஸ்’ என்று வந்தது. ஓர் அம்மா கையை உயர்த்தி, “டீச்சர், ஃபோல்டுன்னா மடிக்கிறதுதானே? முட்டைய எப்படி மடிக்கிறது?” என்று கேட்டார். விளக்கம் சொல்வதற்குப் பதிலாக மறுநாள் ஒரு கிண்ணத்தில் நுரைக்க அடித்த முட்டை வெள்ளைக்கருவையும் இன்னொன்றில் மாவுக்கலவையையும் கொண்டுபோனேன். கரண்டியை நடுவில் செங்குத்தாக இறக்கி, அடிவழியே சுவரோரம் வரை இழுத்து, அடியிலிருந்ததை அள்ளி மேலே சாய்த்தேன். கிண்ணத்தைக் கால்வட்டம் திருப்பி, மறுபடியும் அதையே செய்தேன். நுரை உடையவில்லை. மூன்றாவது சுற்றிலேயே அவர், “அட, இட்லி மாவுல உப்பு போட்டுப் பதமா புரட்டுவோமே, அதுதான் இது” என்றார். அடியிலிருந்து புரட்டிச் சேர்ப்பது என்பதைவிடச் சரியான தமிழ் அதற்கு எனக்குக் கிடைத்ததில்லை. அந்த வகுப்பில் இருந்த யாரும் அதன்பிறகு அந்தச் சொல்லை மறக்கவில்லை. துணியை மடிப்பதற்கும் கையைக் கட்டிக்கொள்வதற்கும் அதே சொல் வருவதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இப்படிப் பார்க்கும்போது இரண்டு மொழிகளும் அடுப்படியை வெவ்வேறு விதமாகப் பங்கிட்டிருப்பது தெரியும். நாம் ‘நறுக்கு’ என்று ஒரே சொல்லில் முடிக்கும் இடத்தில் ஆங்கிலம் வில்லையாக நறுக்கினால் ஸ்லைஸ், சிறு சதுரமாக நறுக்கினால் டைஸ், பொடிப்பொடியாக நறுக்கினால் மின்ஸ், ஒழுங்கு பார்க்காமல் வெட்டிப் போட்டால் சாப் என்று பிரிக்கிறது. மறுபக்கம், நாம் வதக்கு, வறு, பொரி, தாளி என்று நான்காகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கில வீடுகள் பெரும்பாலும் ‘ஃப்ரை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றன. வேண்டுமானால் முன்னால் டீப் என்றோ ஸ்டர் என்றோ ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயில்லாமல் மல்லியும் மிளகாயும் வறுப்பதைப் போட்டியாளர்கள் ‘டோஸ்ட்’ அல்லது ‘ட்ரை ரோஸ்ட்’ என்பார்கள். தாளிப்பதற்கு நம் ஊர் ஆங்கிலத்தில் ‘டெம்பர்’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஆனால் போட்டி மேடையில் அந்தச் சொல் வந்தால் பெரும்பாலும் அது சாக்லேட்டைப் பற்றியது; உருக்கிய சாக்லேட்டைக் குறிப்பிட்ட சூட்டுக்கு இறக்கி ஏற்றிப் பளபளப்பாகவும் ‘டக்’கென்று உடைவதாகவும் இறுகச் செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலம் ஒன்றும் இங்கே கைகொடுக்கும். ‘அடுப்பை சிம்மில் வை’ என்று தினமும் சொல்கிறோம். கேஸ் அடுப்பின் திருகில் ‘சிம்’ என்று பொறித்திருப்பது ‘சிம்மர்’ என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள்தான். குழம்பு தளதளவென்று கொதிக்காமல் ஓரத்தில் மட்டும் மெல்லக் குமிழியிடுவதே சிம்மர். நாம் அதை அடுப்பின் நிலையாகச் சொல்கிறோம், அவர்கள் குழம்பின் செயலாகச் சொல்கிறார்கள். அதேபோல் ‘ரெட்யூஸ்’ என்றால் குறைப்பது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சட்டியின் முன்னால் நின்று அதைச் சொன்னால் சுண்டக் காய்ச்சுவது. ‘சீசன்’ என்றால் பருவம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் நடுவர் பேச்சு புரியாது; உப்பும் மிளகும் அளவாகச் சேர்ப்பதுதான் அங்கே சீசன். ‘அண்டர்-சீசன்ட்’ என்று நடுவர் சொன்னால் பெரும்பாலும் உப்பு பற்றவில்லை என்று பொருள். தொழிலில் அடிபட்டுத் தேர்ந்தவரையும் ‘சீசன்ட்’ என்பார்கள்.

இதற்கு மாறாக, நம் சமையலறையில் புழங்கும் சில ஆங்கிலச் சொற்கள் உங்களை வழிதவறச் செய்யும். இவற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாத சொல்லைக் கேட்டால் எச்சரிக்கையாக இருப்போம், தெரிந்ததாக நினைக்கும் சொல்லில்தான் சறுக்குவோம். நமக்குக் குக்கர் என்றால் விசில் அடிப்பது. பிரிட்டனில் குக்கர் என்றால் அடுப்பும் ஓவனும் சேர்ந்த முழு அமைப்பு, நம்முடையதை அவர்கள் பிரஷர் குக்கர் என்று முழுதாகச் சொல்வார்கள். நாம் மிக்ஸி என்பது அவர்களுக்கு பிளெண்டர் அல்லது ஃபுட் பிராசசர். மிக்ஸர் என்று கேட்டால் கேக் மாவு அடிக்கும் கருவியைக் காட்டுவார்கள். பாத்திரத்துக்கெல்லாம் ‘வெஸல்’ என்று சொல்லி நமக்குப் பழக்கம். அங்கே பாட், பான், சாஸ்பான், பௌல் என்று வடிவத்துக்கு ஒரு பெயர். பேக்கரியில் க்ரீம் வைத்த துண்டை நாம் பேஸ்ட்ரி என்று வாங்குகிறோம். போட்டியில் பேஸ்ட்ரி என்பது மாவையும் வெண்ணெயையும் சேர்த்துப் பிசைந்து தேய்க்கும் அடிமாவு, அதிலிருந்து செய்தவையும் அதே பெயரில் வரும். ‘லெமன் கர்ட்’ என்று கேட்டதும் எலுமிச்சை கலந்த தயிர் என்றுதான் என் மாணவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். எலுமிச்சைச்சாறு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கிய இனிப்பு அது. நம் தயிருக்கு அங்கே யோகர்ட். ‘ஆசிட் போதவில்லை’ என்று நடுவர் சொன்னால் திடுக்கிட வேண்டாம், ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கலாம் என்கிறார்.

நீங்கள் போவது மெல்பர்ன் என்பதால் நாட்டுக்கு நாடு மாறும் சொற்களில் ஆஸ்திரேலியப் பக்கம் நில்லுங்கள். கத்தரிக்காய் நமக்கு பிரிஞ்சால், பிரிட்டனில் ஓபர்ஜீன், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் எக்பிளான்ட். குடைமிளகாய் ஆஸ்திரேலியாவிலும் நம்மைப்போல் கேப்சிகம்தான். கொத்தமல்லி கோரியாண்டர், அமெரிக்க நிகழ்ச்சி பார்த்து சிலான்ட்ரோ என்று பழகிக்கொண்டால் கடையில் ஒரு கணம் விழிப்பார்கள். உணவகப் பட்டியலில் ‘ஆன்ட்ரே’ என்று இருந்தால் ஆஸ்திரேலியாவில் அது முதலில் வரும் சிறு உணவு, அமெரிக்காவிலோ அதே சொல் முதன்மை உணவைக் குறிக்கும். இன்னொன்று, எழுதிவைத்த செய்முறையைப் பார்த்துச் சமைப்பதானால், ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி. மற்ற நாடுகளில் பொதுவாக வழங்குவது 15. பக்கத்து வீட்டார் விருந்துக்கு அழைத்து ‘பிரிங் எ பிளேட்’ என்றால், எல்லோரும் பகிர்ந்துகொள்ள ஒரு தட்டு நிறைய உணவோடு வாருங்கள் என்று பொருள். தட்டு பற்றாக்குறை என்று எண்ணி வெறும் தட்டோடு போய் நின்ற புதுக் குடியேறிகளின் கதை அந்த நாட்டில் பலருக்கும் தெரிந்தது.

இனி நடுவர்களின் பேச்சுக்கு வருகிறேன். என் கணிப்பில் நிகழ்ச்சியின் சாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கறி மெத்தென்று வெந்திருந்தால் டெண்டர், கடிபடாமல் இருந்தால் டஃப், ரப்பர்போல் இழுத்தால் ரப்பரி, அப்பளம்போல் நொறுங்கினால் கிரிஸ்பி, முறுக்குபோல் கடக்கென்று கடிபட்டால் கிரஞ்சி, ஈரத்தில் ஊறித் தொளதொளத்தால் சாகி, மஞ்சள்கரு வழிந்தால் ரன்னி, நுரை விறைத்து நின்றால் ஸ்டிஃப், புளிப்பு சுருக்கென்று தைத்தால் ஷார்ப். இந்த ஒன்பது சொற்களும் சமையலறையோடு நிற்பவை அல்ல. மூக்கு ஒழுகினால் ‘ரன்னி நோஸ்’. கழுத்து பிடித்துக்கொண்டால் ‘ஸ்டிஃப் நெக்’. குத்துகிற வலி ‘ஷார்ப் பெய்ன்’. நாள் முழுதும் சிரமமாகக் கழிந்தால் ‘டஃப் டே’. மருத்துவர் வயிற்றை மெல்ல அழுத்தி ‘இஸ் இட் டெண்டர் ஹியர்?’ என்று கேட்டால், தொட்டால் வலிக்கிறதா என்று கேட்கிறார்; வேகாத பொருள்களைக் குறிக்கும் ‘ரா’ என்ற சொல்லைத் தோல் உரிந்து எரிவதற்கும் சொல்வார்கள். பிரசவத்துக்குத் துணையாகப் போகிற உங்களுக்கு இந்தச் சொற்கள் எக்பிளான்டைவிடப் பல மடங்கு அவசியம். அவற்றைப் பயமில்லாத ஓரிடத்தில், ஒரு தட்டு உணவை வைத்துக்கொண்டு கற்றுவிடுகிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சமையல் போட்டியை வகுப்பில் விடாமல் வைத்திருக்கிறேன்.

சுவைச் சொற்களில் ஒரு குறிப்பு. அறுசுவையில் ஐந்துக்கு நேரான சொல் உடனே கிடைக்கும். துவர்ப்புக்கு உள்ள ‘ஆஸ்ட்ரிஞ்சென்ட்’ என்ற சொல்லை வீட்டில் யாரும் அதிகம் சொல்லமாட்டார்கள். காரத்துக்கு ‘ஹாட்’ என்று சொன்னால் சூடா, காரமா என்று எதிரே இருப்பவர் குழம்பக்கூடும். ‘ஸ்பைசி’ என்று சொல்லிவிடுங்கள்.

நடுவர் சொல்லும் வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும் சில அச்சுகள் உண்டு. அவற்றை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘இட் நீட்ஸ் எ பிட் மோர் சால்ட்’ என்பது ஒன்று. ‘இட் குட் டூ வித் எ லிட்டில் லைம்’ என்பது மற்றொன்று; கொஞ்சம் எலுமிச்சை இருந்தால் தேவலை என்ற தொனியில், குற்றம் சொல்லாமல் குறையைச் சொல்வது. ‘யூ ஷுட் ஹேவ் ரெஸ்டட் தி மீட்’ என்றால், கறியை வெட்டுமுன் சற்று ஆறவிட்டிருக்க வேண்டும், விடவில்லை என்று பொருள். இலக்கண நூலில் மாதக்கணக்கில் போராடியும் பிடிபடாத ‘ஷுட் ஹேவ்’, ஒருவர் கருகிய தட்டோடு நிற்கும்போது ஒரே காட்சியில் விளங்கிவிடுகிறது. பேச்சு வேகத்தில் அது ‘ஷுடா’ என்றுதான் காதில் விழும்; எழுத்தில் உள்ளபடி எதிர்பார்த்தால் நழுவிவிடும். அச்சைப் பிடித்ததும் உங்கள் வீட்டுப் பண்டத்தை அதில் வைத்துச் சொல்லுங்கள்: சாம்பாருக்கு உப்பு பற்றவில்லை, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் மிளகு வேண்டும், வடையைச் சற்று முன்னமே எடுத்திருக்க வேண்டும். நீங்கள் உண்மையிலேயே எண்ணுகிற ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் அந்த வாக்கியம் உங்களுடையதாகிறது.

கடிகாரம் ஓடும் பரபரப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. ‘ஐ’ம் ரன்னிங் பிஹைண்ட்’ என்றால் எனக்குத் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனை வரவேற்பில் அதே சொல்லை, டாக்டர் வர நேரமாகும் என்ற பொருளில் கேட்பீர்கள். ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது, நேரமானாலும் பாலானாலும். ‘பாய்ல் ஓவர்’ பொங்கி வழிவது, ‘ட்ரை அவுட்’ வறண்டுபோவது, ‘டர்ன் டவுன்’ தீயைக் குறைப்பது, ‘எண்ட் அப்’ கடைசியில் இப்படி ஆகிவிடுவது. வினைக்குப் பின்னால் வரும் அவுட், அப், ஓவர் போன்ற சிறு சொற்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ‘வற்றியது’ என்பதற்கும் ‘வற்றிப்போயிற்று’ என்பதற்கும், ‘சாப்பிட்டான்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதற்கும் நமக்குப் பொருள் வேறுபாடு தெரிகிறதல்லவா? நம் துணைவினைகள் செய்கிற வேலையைப் பல இடங்களில் இந்தச் சிறு சொற்கள் செய்கின்றன. இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள்: தனியாகக் கேமராவிடம் பேசும்போது போட்டியாளர்கள் நடந்து முடிந்ததை நிகழ்காலத்திலேயே சொல்வார்கள். ‘கடிகாரத்தைப் பார்க்கிறேன், பத்து நிமிடம்தான் இருக்கிறது, கை நடுங்குகிறது’ என்பதுபோல. கதை சொல்வதற்கு அது சரி; மருத்துவரிடம் நேற்று நடந்ததைச் சொல்லும்போது இறந்தகாலம்தான் வேண்டும்.

உச்சரிப்பில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சால்மன் அல்ல, சாமன். யோல்க் அல்ல, யோக். மாவு பிசைவதற்கான சொல்லில் முதல் எழுத்து ஒலிக்காது, ‘தேவை’ என்பதற்கான ‘நீட்’ போலவே கேட்கும். வெண்ணெய்க்கான பட்டரும், தோசை மாவுபோல் கரைத்த மாவுக்கான பேட்டரும் நம் நாக்கில் ஒன்றாகிவிடும். வாயை நன்றாகத் திறந்து இரண்டாவதைச் சொல்லிப் பழகுங்கள். இனிப்புக்கான சொல்லில் அழுத்தம் பின்பகுதியில் விழ வேண்டும், முன்பகுதியில் விழுந்தால் பாலைவனமாகிவிடும்.

எந்த நிகழ்ச்சி என்ற கேள்விக்கு என் பதில் உங்களைப் பொறுத்தவரை மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாதான். மாஸ்டர்செஃப் 1990இல் பிரிட்டனில் தொடங்கியது. ஆஸ்திரேலிய வடிவம் 2009இல் வந்தது. தொழில்முறைச் சமையல்காரர்கள் அல்லாத வீட்டுச் சமையல்காரர்கள் போட்டியிடுவதால் பேச்சு வீட்டுப் பேச்சாக இருக்கிறது. ஒரு பருவத்துக்கு அத்தியாயங்கள் மிகுதி, அதனால் அதே முகங்களையும் அதே குரல்களையும் பல வாரங்கள் கேட்கிறீர்கள். காது ஒரு குரலுக்குப் பழக நாளெடுக்கும் என்பதால் இது பெரிய வசதி. முடிந்தால் 2018ஆம் ஆண்டின் பத்தாவது பருவத்தில் தொடங்குங்கள். சிங்கப்பூரில் பிறந்து, அடிலெய்டில் சிறைக் காவலராக வேலை பார்த்த, தமிழ்ப் பின்னணி கொண்ட சசி செல்லையா இறுதிச் சுற்றில் 100க்கு 93 மதிப்பெண் பெற்று வென்ற பருவம் அது. அவர் செய்யும் பண்டங்களில் பல உங்களுக்குப் பழக்கமானவை. ஆஸ்திரேலியரின் ஆங்கிலமும் சிங்கப்பூர் ஆங்கிலமும் ஒரே கூடத்தில் மாறி மாறிப் பேசப்படுவதைக் கேட்டால், எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதில்லை, நாமும் நம் குரலிலேயே பேசலாம் என்ற துணிவு வரும்.

இரண்டாவதாக, 2010இல் தொடங்கிய, கேக்கும் ரொட்டியும் சுடும் போட்டியான தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப். ஒவ்வொரு வாரமும் அதே கூடாரம், அதே மூன்று சுற்று. சொல்வட்டம் சிறியது, பேச்சு நிதானமானது. பிரிட்டிஷார் குறையை எவ்வளவு மென்மையாகச் சொல்வார்கள் என்பதை இங்கே கற்கலாம். அவர்கள் ஒன்றை ‘கொய்ட் நைஸ்’ என்று சொன்னால் அது பெரும் பாராட்டல்ல, சுமார் என்பதற்குப் பக்கத்தில் நிற்பது. ஹெல்ஸ் கிச்சன் போன்ற, கத்தலும் வசையும் நிறைந்த அமெரிக்க நிகழ்ச்சிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கே பேசப்படும் ஆங்கிலத்தை இன்னொருவர் வீட்டு மேசையில் பேச முடியாது.

பார்க்கும் முறை இதுதான். முழு அத்தியாயத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் களைத்துப்போவீர்கள். வழக்கம்போல் குடும்பத்தோடு முழுதும் பாருங்கள். பிறகு நடுவர்கள் சுவைக்கும் ஐந்து நிமிடப் பகுதியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, முதலில் எழுத்தில்லாமல், அடுத்து ஆங்கில சப்டைட்டிலோடு, மூன்றாவது மறுபடி எழுத்தில்லாமல் பாருங்கள். தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கண் தமிழைப் படித்துவிட்டால் காது ஓய்ந்துவிடும். பேசும் மொழியிலேயே எழுத்தும் ஓடினால் வாசிப்பு வளரும் என்ற எண்ணத்தை, எழுத்தறிவுக்காக, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்தார். தொலைக்காட்சியில் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகள் ஓட்டும் முயற்சி அதிலிருந்து வளர்ந்தது. கேட்கிற ஒலிக்கும் பார்க்கிற எழுத்துக்கும் முடிச்சுப் போடுகிற அதே வேலையை ஆங்கில சப்டைட்டில் உங்களுக்குச் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டே வாக்கியம் எழுதுங்கள், சொல்லாக எழுத வேண்டாம்.

மறுநாள் காலை சமைக்கும்போது, செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ‘ஐ’ம் சாப்பிங் தி ஆனியன்ஸ். நௌ ஐ’ம் டர்னிங் டவுன் தி ஹீட்.’ முதல் வாரம் கூச்சமாக இருக்கும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் தொடங்குங்கள். சாப்பாட்டு வேளையில் ஒருவரை நடுவராக உட்கார வைத்து, பொரியலைப் பற்றி இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் பதில் சொல்லுங்கள். என் மாணவர்களில் பேச்சு வந்தவர்கள் எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான். பார்த்ததோடு நிறுத்தியவர்களுக்குப் புரிதல் கூடியது, பேச்சு வரவில்லை.

கடைசியாக ஒரு குறை. இந்த நிகழ்ச்சிகளில் பேச்சு பெரும்பாலும் சொல்வதாகவும் விவரிப்பதாகவும் இருக்கும், கேள்வி மிகக் குறைவு. உங்களுக்கோ பேருந்திலும் மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் கேள்விகள்தான் முதலில் தேவைப்படும்: எவ்வளவு நேரமாகும், எந்தப் பக்கம் போக வேண்டும், இதைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பதா பின் கொடுப்பதா, மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொல்வீர்களா. மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலி), வார்டு, கான்ட்ராக்‌ஷன் (விட்டு விட்டு வரும் பிரசவ வலி), ஃபார்முலா (தாய்ப்பாலுக்குப் பதிலான பால்பொடி) போன்ற பிரசவச் சொற்களும் எந்தச் சமையல் போட்டியிலும் வராது. அவற்றை மகளிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை மருமகன் தொலைபேசியில் அழைக்கும்போது முதல் ஐந்து நிமிடத்தை இந்தக் கேள்விகளுக்கென்று ஒதுக்கி, அவரை மருந்துக்கடைக்காரராகவும் வரவேற்பாளராகவும் பேசச் சொல்லிக் கேட்டுப் பழகுங்கள். யோசனை அவருடையது என்பதால் மறுக்கமாட்டார்.